எதிர்பார்க்கப்படும் விடை

பதினொரு வருஷம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்திய பிறகு, வகுப்பறை என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது என்பது ஒரு கடிதம் மூலம் தெரியவந்தது.

கடிதம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. சான்றிதழ் இல்லாமல் வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் எல்லாரும் பத்து மாதம் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்து, 'வகுப்பறையின் யதார்த்தங்களுக்கு ஆயத்தப்படுத்தப்பட' வேண்டும். தேர்வில் தேறாதவர்கள் அடுத்த ஆண்டு முதல் பாடம் நடத்தக் கூடாது. தலைமையாசிரியை அதை இரண்டு முறை படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"போயிட்டு வந்துடும்மா. உன் கிளாஸை வேற யாருக்கும் குடுக்க மாட்டேன். பேப்பரை மட்டும் கொண்டு வா."

என் வகுப்பு என்பது நாற்பத்திரண்டு பிள்ளைகள். இரண்டு வகுப்புகளைத் தாண்டி வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளை எல்லாம் என்னிடம்தான் தள்ளிவிடுவார்கள். வருஷ முடிவில் அவர்கள் வாசிப்பார்கள். எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. ஆகவே பேப்பர் வாங்கப் போனேன்.

நிறுவனம் நான்கு மாடிக் கட்டடம். கேட்டில் மூன்று அறிவிப்புகள் தொங்கின. வாகனங்களை இங்கே நிறுத்தாதீர். அடையாள அட்டையின்றி நுழையாதீர். குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. நான் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஒருநாள் என் மகள் வந்தாள். காவலாளி டப்பாவை உள்ளே விட்டார், அவளை விடவில்லை.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். உள்ள குழந்தைங்க வந்தா டிரெய்னிங் கெட்டுப்போகும்னு முதல்வர் சொல்லியிருக்கார்" என்றார் அவர்.

முதல்வரை முதல் நாளே பார்த்துவிட்டேன். வரவேற்புரை ஒன்றே முக்கால் மணி நேரம். கறுப்புக் கோட்டு, கையில் ஒரு குச்சி, எதையும் சுட்டிக்காட்டாத குச்சி. கடைசி அரைமணி நேரம் தன்னைப் பற்றிப் பேசினார். அடக்கமானவர் என்பதால் அதற்கு முந்திய ஒன்றேகால் மணி நேரத்தில் தான் நடத்தும் நிறுவனத்தைப் பற்றி மட்டும் பேசியிருந்தார்.

"இருபத்தாறு வருஷமா நான் ஆசிரியர்களை உருவாக்கிட்டு இருக்கேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட ஒரு வகுப்பறைக்குள்ள காலை வெச்சதில்ல. ஏன் தெரியுமா? ஒரு வகுப்பைப் பார்த்துட்டா மனசு அந்தப் பக்கம் சாஞ்சுடும். நடுநிலை போயிடும். பார்க்காதவன்தான் எல்லா வகுப்பையும் ஒரே கண்ணால பார்க்க முடியும்."

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்குப் பேப்பர் வேண்டும்.

பயிற்சியின் உயிர்நாடி ரெக்கார்டு நோட்டு. ஒரு பாடத்துக்குப் பதினாறு பக்கம், மொத்தம் நாற்பது பாடம். பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்துக் கோடு போட வேண்டும். முதல் பத்தியில் நிமிடம். இரண்டாவதில் ஆசிரியர் கேட்பது. மூன்றாவதில் மாணவரின் எதிர்பார்க்கப்படும் விடை. இதைத் திருத்துபவர் ஒரு விரிவுரையாளர். சட்டைப் பையில் எப்போதும் இரும்பு ஸ்கேல் வைத்திருப்பார். இடது ஓரம் ஓர் அங்குலம், வலது ஓரம் அரை அங்குலம் இருக்கிறதா என்று அளந்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். அளந்த நேரம் போக மீதி நேரம் இருந்தால் எழுதியிருப்பதைப் படிப்பார். மீதி நேரம் இருந்து நான் பார்த்ததில்லை. நாங்கள் அவரை ஸ்கேல் சார் என்போம்.

"சார், குழந்தை வேற பதில் சொன்னா என்ன பண்றது?" என்று இரண்டாம் வாரம் கேட்டேன்.

ஸ்கேல் சார் என்னை உற்றுப் பார்த்தார். "வேற பதில் சொல்ற மாதிரி நீங்க ஏன் எழுதுறீங்க?"

"நான் எழுதல சார். குழந்தை அதுவா சொன்னா."

"அதுவா எப்படிம்மா சொல்லும்? மூணாவது பத்தியில மையால எழுதியாச்சே."

என் கணவர் டெய்லர். அளவு அவருக்குக் கைவந்த விஷயம் என்பதால் ரெக்கார்டுக்குக் கோடு போடும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். கடையில் ஜாக்கெட் வெட்டும் மேஜையிலேயே நோட்டை விரித்துவைத்து ஒரு நூல் பிசகாமல் போட்டுத் தருவார். மகள் படங்களுக்கு வண்ணம் தீட்டுவாள். ஒருநாள் அவர் மூன்றாவது பத்தியைப் படித்துவிட்டு, "இந்தப் பிள்ளை யாரு?" என்றார்.

"எந்தப் பிள்ளை?"

"இதோ, ஏழாவது நிமிஷம் 'மழை' அப்படின்னு சொல்றவ."

"யாரும் இல்லங்க. சும்மா எழுதணும்."

அவர் ஸ்கேலை நோட்டின் மேல் வைத்தார். "ஆளை அளக்காம சட்டை தெச்சுட்டு, சட்டைக்குத் தகுந்த மாதிரி ஆளை வெட்டுறதா? என் தொழில்ல இப்படிப் பண்ணினா கடையை இழுத்து மூடிடுவாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குக் கோடு போட்டார்.

நான்காம் மாதம் எங்களை 'யதார்த்த அறை'க்கு மாற்றினார்கள். வாசலில் பித்தளைப் பலகை, உள்ளே இருபது பெஞ்சு, ஒரு கரும்பலகை. குழந்தைகளுக்கு அனுமதி இல்லாததால் நாங்களே குழந்தைகள். காலையில் வந்ததும் ஒரு டப்பாவிலிருந்து சீட்டு எடுக்க வேண்டும். 'கெட்டிக்காரர்', 'சுமார்', 'கூச்சம்', 'அழுபவர்' என்று சீட்டில் இருக்கும். மூன்று பிள்ளை பெற்ற ஒரு அம்மாள் தொடர்ந்து ஐந்து நாள் 'அழுபவர்' எடுத்து, ஆறாவது நாள் சீட்டைப் பிரிக்காமலே அழுதார்.

எனக்கு அன்றைக்கு வந்த சீட்டு 'குறும்பு, மிதமானது'.

பாடம் நடத்தியவன் ஒரு இளைஞன். கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்பதால் முத்தெழுத்து என்று பெயர் வைத்திருந்தோம். ரெக்கார்டில் அவனை அடிக்க ஆளில்லை. நல்ல பையன்தான். ஒரு குழந்தையையும் பக்கத்தில் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அவன் பாடத்தைத் தொடங்கினான். பதினொரு வருஷப் பழக்கத்தில் எனக்குத் தெரிந்த மிதமான குறும்பை நான் செய்தேன். பென்சில் மூடியைத் தேடுவதற்காக பெஞ்சுக்கு அடியில் ஊர்ந்துபோய் அடுத்த வரிசையில் முளைத்தேன்.

"சார், இவ என் ரப்பரை மோந்து மோந்து பார்க்கிறா சார்" என்றேன். "சார், ஒண்ணுக்கு வருது சார். சார், உங்க சட்டையில மை சார்."

முத்தெழுத்து ரெக்கார்டைப் புரட்டினான். முன் பக்கம், பின் பக்கம், அட்டை. பிறகு நெற்றியில் வேர்வை வழிய அப்படியே நின்றுவிட்டான். மணி அடித்து அவனை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

விசாரணை என் மேல்தான். ஸ்கேல் சார் அங்கீகரிக்கப்பட்ட குறும்புகளின் பட்டியலை வாசித்தார். பக்கத்தில் இருப்பவருடன் பேசுதல். கவனக்குறைவாக ஜன்னலைப் பார்த்தல். விடை தெரியாமல் எழுந்து நிற்றல். ரப்பரை மோப்பம் பிடிப்பது அதில் இல்லை. ஒண்ணுக்கு வருவது எந்தப் பட்டியலிலும் இல்லை.

"உண்மையான பிள்ளைங்க இப்படித்தான் சார் பண்ணும்" என்றேன்.

"உண்மையை எல்லாம் இங்க கொண்டு வராதீங்கம்மா. இது யதார்த்தத்துக்கான அறை."

'இனி அங்கீகரிக்கப்பட்ட குறும்புகளை மட்டுமே செய்வேன், சிறுநீர் கழிக்கும் எண்ணத்தை வெளிப்படுத்த மாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதை இரண்டு பிரதி எடுத்து முத்திரை குத்தினார்கள். ஒன்று என் கோப்பில், ஒன்று சுவரில்.

பத்தாவது மாதம் செய்முறைத் தேர்வு. அன்றைக்கு மட்டும் கேட்டிலிருந்த மூன்றாவது அறிவிப்பைக் கழற்றிவைத்தார்கள். பக்கத்துப் பள்ளியிலிருந்து இருபது குழந்தைகள் வரிசையாக வந்து, யாரும் சொல்லாமலே அவரவர் இடத்தில் உட்கார்ந்தன. சுற்றிப் பார்க்கவில்லை, ஒன்றையொன்று இடிக்கவில்லை. பதினொரு வருஷத்தில் இப்படி ஒரு வரிசையை நான் பார்த்ததில்லை.

ஸ்கேல் சார் காதோரமாக வந்து விளக்கினார். "எல்லாம் தயார் பண்ணின பிள்ளைங்க. முதல் பெஞ்ச் சரியான விடை. நடு பெஞ்ச் பாதி விடை. கடைசி பெஞ்ச்ல ஓரத்துல இருக்கவன் பதினஞ்சாவது நிமிஷம் தப்பா ஒண்ணு சொல்லுவான். நீங்க அவனைத் திருத்தி, முதுகுல தட்டிக் குடுங்க. அதுக்குத் தனி மார்க். நோட்டுல இருக்கறதைத் தாண்டாதீங்க, பாஸ் நிச்சயம்."

பின்வரிசையில் முதல்வரும் வெளியிலிருந்து வந்த தேர்வாளரும் என் ரெக்கார்டை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பாடம் மழைக்காலம். முதல் ஐந்து நிமிடம் வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஓடியது. ஏழாவது நிமிடம் சொல் அட்டை காட்ட வேண்டும். முதல் அட்டை 'மழை', இரண்டாவது 'குடை', மூன்றாவது 'மேகம்'. அட்டைக் கட்டு கை நழுவிக் கீழே விழுந்தது. அவசரமாகப் பொறுக்கி மேலே வந்ததைக் காட்டினேன்.

முதல் பெஞ்சில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் எழுந்து, "மழை" என்றாள், கணீரென்று.

நான் காட்டியது 'குடை'.

சரி, அவசரத்தில் சொல்லிவிட்டாள் என்று அடுத்த அட்டையைக் காட்டினேன். அது 'மழை'. "குடை" என்றாள். மூன்றாவதாகத் தலைகீழாக ஒன்றைக் காட்டினேன். "மேகம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பின்வரிசையில் தேர்வாளர் மூன்று முறை டிக் அடித்தார்.

நான் குடை அட்டையை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். ரெக்கார்டில் ஆசிரியர் உட்காருவதாக எந்த நிமிடத்திலும் எழுதவில்லை.

"கண்ணு, இது என்ன எழுத்து?"

அவள் பின்வரிசையை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அது எனக்குத் தெரியாது டீச்சர். முதல்ல மழை, அப்புறம் குடை, அப்புறம் மேகம். அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க."

"எத்தனாவது படிக்கிறே?"

"எங்க ஸ்கூல்ல ஆறாவது. இங்க வரும்போது மூணாவது. நாலு வருஷமா வர்றேன் டீச்சர். பரீட்சைக்கு ரெண்டு மாசம் முன்னாடியே இங்கேருந்து ஆள் வந்து, எங்க ஸ்கூல்ல தனி ரூம்ல வெச்சு சொல்லிக் குடுப்பாங்க. அதனால எங்க கிளாஸ்ல பாதி பாடம் எனக்குத் தெரியாது."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அதோடு பயமும்தான், பொய் சொல்ல மாட்டேன். முன்னால் முப்பது நிமிடம், அதன் முடிவில் பேப்பர், பேப்பரின் முடிவில் என் நாற்பத்திரண்டு பிள்ளைகள். அட்டையை வரிசையாக அடுக்கிக் காட்டினால் போதும், இந்தப் பெண் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி என்னைத் தேற்றிவிடுவாள். ஆனால் அவள் அந்தக் குடை அட்டையை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஏதோ இருக்கிறது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் சந்தேகம் வந்திருக்கிறது. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். அது வரும்போது பிடிக்காவிட்டால் மறுபடி எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

ரெக்கார்டை மூடிவைத்துவிட்டு அவளுக்கு 'கு' சொல்லிக்கொடுத்தேன். பிறகு 'டை'. அவள் இரண்டையும் தனித்தனியாகச் சொன்னாள், சேர்க்க வரவில்லை. விரலை வைத்து இழுத்தாள். இருபதாவது நிமிடத்தில் திடீரென்று நிமிர்ந்து, "குடை. டீச்சர், குடைன்னு இங்கயே எழுதியிருக்கு" என்றாள். கடைசி பெஞ்சில் ஓரத்தில் இருந்தவன் தன் தப்பான விடையைச் சொல்ல மறந்துவிட்டு, "எனக்கு டீச்சர், எனக்கு" என்று ஓடிவந்தான். மற்றதுகளும் வந்தன. அறையில் முதல் தடவையாகச் சத்தம் கேட்டது.

மறுநாள் முதல்வர் அறையில் முடிவைச் சொன்னார்கள். தேர்வாளர் தன் குறிப்பை வாசித்தார். "மாணவிக்குக் கற்றல் நிகழ்ந்தது உண்மை. ஆயினும் அது அனுமதி பெறாத நிமிடத்தில் நிகழ்ந்துள்ளது. பதினைந்தாவது நிமிடத்துக்குரிய தவறு நிகழவே இல்லை. ஆசிரியர் அமர்ந்தார். தோல்வி."

"சார், அந்தப் பொண்ணுக்கு நாலு வருஷமா வாசிக்கத் தெரியல" என்றேன்.

"தெரியும்மா" என்றார் முதல்வர், மிகுந்த வருத்தத்தோடு. "எங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிள்ளை. வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளை அட்டையைப் பார்த்துத்தான் சொல்லும். நாளைக்கு ஒரு ஆசிரியர் அட்டையை மாத்திக் காட்டினா என்ன ஆகும்? நோட்டுக்கும் விடைக்கும் சம்பந்தம் இல்லாம போயிடும். நாலு வருஷம் தயார் பண்ணின பிள்ளையை அரை மணி நேரத்துல கெடுத்துட்டீங்க. இனிமே அவ எங்களுக்கு உதவ மாட்டா. திருப்பி அனுப்பிட்டோம்."

பத்து மாதத்தில் என்னைப் பற்றி நான் கேட்ட ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

முதல் இடம் முத்தெழுத்துக்கு. அவனுக்கு எந்தப் பள்ளியில் எந்த வகுப்பைக் கொடுத்தார்கள் என்று சொல்லவே வேண்டாம். தலைமையாசிரியை என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துப் பேசினார். "என்னால முடியலம்மா. ஆயா வேலை ஒண்ணு காலியா இருக்கு. அதுக்கு சர்ட்டிபிகேட் வேண்டாம். அதே கிளாஸ்தான். கேட்கவே எனக்கு வாய் கூசுது."

நான் சரி என்றேன். வீட்டில் வந்துதான் அழுதேன். என் கணவர் மெஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பள்ளி திறந்த அன்று வகுப்புக் கதவில் நிறுவனம் அனுப்பிய அறிவிப்பு ஒட்டியிருந்தது, கொட்டை எழுத்தில். 'இவ்வகுப்பின் ஆயா தகுதித் தேர்வில் தோல்வியுற்றவர். இவர் பாடம் நடத்தவோ, சாக்பீஸைத் தொடவோ கூடாது.' முத்தெழுத்து உள்ளே போய் ரெக்கார்டை விரித்தான். "குழந்தைகளே, வானத்தில் நீங்கள் காண்பது என்ன?" என்று கேட்டான். ஒரு பிள்ளை, "வாந்தி வருது சார்" என்றது. சொன்னபடியே எடுத்தது. பத்தரை மணிக்கு அவன் வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, இது எதுவுமே நோட்டுல இல்லக்கா. நான் என்ன பண்ணட்டும்?"

"நீ உட்கார்ந்து நோட்டு எழுதுப்பா. நான் பார்த்துக்கறேன்."

அப்படித்தான் அந்த வருஷம் ஓடியது. அவன் மேஜையில் உட்கார்ந்து நடந்த பாடத்துக்கெல்லாம் ரெக்கார்டு எழுதினான், மூன்றாவது பத்தியை முதல் தடவையாகக் கேட்டு எழுதினான். என் கணவர் துணியில் கோடு போடும் கட்டியை ஒரு டப்பா நிறையக் கொடுத்தனுப்பினார். "சாக்பீஸைத்தானே தொடக் கூடாது? இது டெய்லர் கட்டி. நீலம் நல்லாத் தெரியும்" என்றார். நான் தரையில் எழுதினேன். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தன. காலை பதினொரு மணிக்கு நான் கதவருகே போய் நின்றால் நாற்பத்திரண்டும் வரிசை கட்டும், ஒண்ணுக்குப் போய்விட்டு வருவோம், பிறகு மறுபடி எழுத்து.

வருஷ முடிவில் வாசிப்புச் சோதனை நடந்தது. எங்கள் வகுப்பில் வாசிக்கத் தெரியாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. செய்தி நிறுவனத்துக்குப் போனது. அடுத்த வாரம் கேடயத்தோடும் புகைப்படக்காரரோடும் ஸ்கேல் சாரோடும் முதல்வரே வந்து இறங்கினார். இருபத்தாறு வருஷ நடுநிலையை அன்றைக்குத் துறந்து, வாசல்படியைக் கொஞ்சம் தயங்கித் தாண்டினார்.

"இது எங்க பயிற்சியோட வெற்றி" என்று தொடங்கினார். பிறகு முன்னாலிருந்த சின்னவனைக் குச்சியால் காட்டி, "தம்பி, உனக்குப் பிடிச்சது எதையாவது வாசி" என்றார்.

அந்தக் குச்சி முதல் தடவையாக எதையோ சுட்டிக்காட்டியது. பையன் புத்தகத்தை எடுக்கவில்லை. தினமும் பார்க்கிற கொட்டை எழுத்துதான் அவனுக்குப் பிடித்திருந்தது போல. கதவைப் பார்த்து உரக்க வாசித்தான்.

"இவ்வகுப்பின் ஆயா தகுதித் தேர்வில் தோல்வியுற்றவர்." ஒரு திக்கல் இல்லை. அங்கே நிறுத்தி என் பக்கம் திரும்பினான். "டீச்சர், தோல்வியுற்றவர்னா என்ன?"

முத்தெழுத்து தலை குனிந்துகொண்டான். ஸ்கேல் சார் ஸ்கேலைத் துடைத்தார். புகைப்படக்காரர் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் கேமராவைக் கீழே இறக்கினார். முதல்வர் மட்டும் அசரவில்லை.

"ஆயா, நீங்க கொஞ்சம் வெளியே போய் நில்லுங்க. வகுப்பு கலையுது" என்றார்.

நான் கதவருகே போனேன். மணி பதினொன்று. நாற்பத்திரண்டு பிள்ளைகளும் எழுந்து, வழக்கம்போல் வரிசை கட்டி, ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து, என் பின்னால் வெளியே வந்துவிட்டன. நான் கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் இல்லை. கடைசியாக வந்த சின்னவன் கதவை மரியாதையாகச் சாத்தினான்.

வராந்தாவில் டெய்லர் கட்டியால் தரையில் 'தோல்வி' என்று எழுதி, அதன் பொருளைச் சொல்லிக்கொண்டே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். முதல்வர் காலி பெஞ்சுகளை வரிசை வரிசையாகப் பார்த்தார். அவர் முகத்தில் பழகிய இடத்துக்கு வந்துவிட்ட நிம்மதி தெரிந்தது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்.